மஞ்சள் நிறத் தபால் வண்டியும் மறைந்துபோகும் சரித்திரமும்

பழம்பொருளைப் பேணுவது ஒரு கலை. பேணுகிறோம் என்று எண்ணிக்கொண்டே அதனை வேறொன்றாக்கிவிடாமல் இருப்பது அதனினும் அரிய கலை. தேய்ந்துபோன கல்வெட்டைத் தெளிவாக்க முனைந்து உளியை எடுப்பவர், எழுத்தைக் காப்பதற்கு மாறாக அதனை அழித்துவிடவும் கூடும். கல்லுக்குரிய இவ்வுண்மை இரும்புத் தகட்டாலும் ரப்பராலும் ஆன மோட்டார் வண்டிக்கும் பொருந்தும். பழைய தபால் வண்டிகளைப் புதுப்பிக்கும்போது அவற்றுள் புகுந்துவிடும் சரித்திரப் பிழைகளை எவ்வாறு கண்டறிவது என்பதை இப்பேச்சில் ஆராய்வோம். இதற்கு எடுத்துக்காட்டாக, மேற்கு ஜெர்மனியில் கடிதங்களையும் பார்சல்களையும் சுமந்து திரிந்த ஒரு சின்னஞ்சிறு வண்டியை எடுத்துக்கொள்வோம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஐரோப்பாவில் பெட்ரோலுக்கும் உருக்குக்கும் பணத்துக்கும் ஒருங்கே தட்டுப்பாடு நிலவியது. மோட்டார் சைக்கிள் வாங்கும் வசதியுடையோர் மழையில் நனையாமல் குடும்பத்தோடு செல்ல ஒரு வழி தேடினர். அத்தேவையிலிருந்து பிறந்தவையே சிறு கார்கள். மோட்டார் சைக்கிளுக்குரிய சிறு யந்திரத்தின்மேல் கூரையும் கதவும் பொருத்தியவை என்று அவற்றைச் சொல்லலாம். பவேரியா மாநிலத்தில் டிங்கோல்ஃபிங் என்னும் ஊரில் விவசாயக் கருவிகள் செய்துவந்த ஹான்ஸ் கிளாஸ் நிறுவனம், 1951-ஆம் ஆண்டில் 'கோகோ' என்ற ஸ்கூட்டரையும் 1955-ஆம் ஆண்டில் 'கோகோமொபீல்' என்ற சிறு காரையும் உற்பத்தி செய்யத் தொடங்கியது. கார் மூன்று மீட்டர் நீளம்கூட இல்லாதது. அதன் பின்புறத்தில் காற்றால் குளிரூட்டப்படும் இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் யந்திரம் இருந்தது. அந்த யந்திரத்தின் கொள்ளளவு 250 கன சென்டிமீட்டருக்கு உட்பட்டிருந்தமையால், முன்னரே நான்காம் வகுப்பு உரிமம் பெற்றிருந்தோர் வேறு பரீட்சை எழுதாமலே இதனை ஓட்ட முடிந்தது. 1969-ல் உற்பத்தி நிற்பதற்குள் பல்வேறு உருவங்களில் ஏறத்தாழ 2,80,000 கோகோமொபீல்கள் வெளிவந்தன.

இவற்றுள் மிக அரியது, 1957 முதல் 1965 வரை செய்யப்பட்ட சாமான் வண்டி. மொத்தம் செய்யப்பட்டவை 3,600-க்குச் சற்று மேல். அவற்றுள் 2,000-க்கும் மேற்பட்டவற்றை வாங்கியது மேற்கு ஜெர்மனியின் தபால் இலாகாவாகிய 'டாய்ச்சே புண்டஸ்போஸ்ட்'. குறுகிய தெருக்களில் புகுந்து, வீட்டுக்கு வீடு நின்று, அடிக்கடி ஏறி இறங்க வேண்டிய வேலைக்கு இவ்வண்டி ஏற்றதாயிருந்தது. இவ்வாறு உழைத்த வண்டிகள் துருப்பிடித்தும் உடைத்து விற்கப்பட்டும் பெரும்பாலும் அழிந்தன. எஞ்சிய சிலவற்றை ஆர்வலர்கள் தேடிப்பிடித்துப் புதுப்பித்துக் கண்காட்சிகளில் நிறுத்துகின்றனர்.

மக்கள் அவற்றைக் கண்டு மகிழ்கின்றனர். ஆனால் சற்றுக் கூர்ந்து நோக்கினால், அவ்வண்டிகளுள் சில ஒருபோதும் இருந்திராத வண்டிகள் என்பது புலப்படும். அவற்றிலுள்ள ஒவ்வொரு பகுதியும் உண்மையானதாக இருக்கலாம். ஆயினும் 1957-ஆம் ஆண்டின் உடலும் 1970-ஆம் ஆண்டின் விளக்கும் 1990-ஆம் ஆண்டின் சின்னமும் ஒரே வண்டியில் கூடியிருக்கும். பொய்யான பொருளைக் கண்டுகொள்வது எளிது. மெய்யான பொருள்கள் தவறான காலத்தில் ஒன்றுகூடுவதைக் கண்டுகொள்வதே கடினம். ஆகவே, பழைய வண்டியைப் பார்க்கும்போது, 'இது அசலா?' என்று மாத்திரம் கேட்டால் போதாது. 'இவை அனைத்தும் எந்த ஓர் ஆண்டில் ஒருங்கே இருந்திருக்க முடியும்?' என்றும் கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வியே நம் ஆராய்ச்சிக்கு உரைகல்.

முதலில், வண்டி உண்மையாகவே தபால் வண்டியா என்று பார்ப்போம். சாமான் வண்டிகள் அரியவை. பயணக் கார்களோ இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவை. எனவே, சாதாரணக் கோகோமொபீல் காருக்கு மஞ்சள் பூசி, கதவில் தபால் கொம்பை வரைந்துவிட்டால், பாமரர் கண்ணுக்கு அது தபால் வண்டியாகிவிடுகிறது. இரண்டுக்குமுள்ள வேறுபாட்டைக் கதவே காட்டும். சாமான் வண்டியின் முன்கதவுகள் பக்கவாட்டில் நகர்ந்து திறப்பவை. பயணக் காரின் கதவுகளோ கீலில் சுழல்பவை. அவற்றிலும் 1964-ஆம் ஆண்டுவரை கீல் கதவின் பின்விளிம்பில் இருந்தது. அதன் பின்னர் முன்விளிம்புக்கு மாறியது. 1958-ஆம் ஆண்டுக் கார் என்று அறிவிப்புப் பலகை சொல்லும்போது கதவின் கீல் முன்பக்கம் இருக்குமாயின், பலகையோ கதவோ பொய் சொல்கிறது. யந்திரப் பகுதியிலுள்ள அடையாளத் தகட்டின் எண்ணையும், உடலில் பொறித்த எண்ணையும், பதிவுப் பத்திரத்தையும் ஒப்பிட்டால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அடுத்து, வண்ணம். நம் நாட்டுத் தபால் வண்டிகளைச் சிவப்பாகவே கண்டு பழகிய நமக்கு மஞ்சள் வியப்பளிக்கலாம். ஜெர்மனியிலும் சிவப்பு ஒரு காலத்தில் வழங்கியது. நாஜி ஆட்சியின்போது தபால் வண்டிகள் சிவப்பாக மாற்றப்பட்டன. போருக்குப் பின்னர், 1946-ல், மஞ்சள் மீண்டது. ஆகவே 1957-க்குப் பிற்பட்ட நம் வண்டி மஞ்சளாக இருப்பது சரியே. ஆனால் எந்த மஞ்சள்? ஜெர்மனியில் 1927-ஆம் ஆண்டு முதல் 'ரால்' என்னும் வண்ணப் பட்டியல் உண்டு. வண்ணம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. தபால் இலாகாவின் மஞ்சள் பல பதிற்றாண்டுகளில் சிறிது சிறிதாக மாறியே வந்திருக்கிறது. முன்னையது ஆழ்ந்த மஞ்சள். இன்று தெருவிலே காண்பது பளிச்சென்ற மஞ்சள். கடையில் கிடைக்கும் இன்றைய மஞ்சளை வாங்கிப் பூசுபவர், தாத்தாவின் உருவப்படத்துக்குப் பேரனின் சட்டையை அணிவித்துவிடுகிறார்.

சரியான வண்ணத்தை எங்கே தேடுவது? பழைய புகைப்படம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையானது. சின்னம் எவ்விடத்தில் இருந்தது என்பதை அது தெளிவாகச் சொல்லும். மஞ்சளின் சாயலைச் சொல்லாது. வண்ணப் புகைப்படமும் காலத்தால் வெளிறிப்போகும். நம்பத்தக்க சாட்சி வண்டியின் உடலிலேயே இருக்கிறது. இருக்கையைப் பொருத்திய இடத்தின் அடியிலும், கதவு நகரும் தண்டவாளத்தின் பின்னாலும், எண் தகட்டின் மறைவிலும் வெயில் படாத பழைய பூச்சு எஞ்சியிருக்கக்கூடும். அவ்விடத்தில் விரற்கடை அளவு மெல்லத் தேய்த்துப் பார்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போலப் பூச்சின் அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். வண்டி தபால் வேலையிலிருந்து விலகியபின் பேக்கரிக்காரரிடமோ தோட்டக்காரரிடமோ போயிருந்தால் அதுவும் ஓர் அடுக்காகத் தெரியும். வண்டி முழுவதையும் இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டால் இச்சாட்சி போயிற்று. பிறகு எவ்வளவு பொருள் செலவிட்டாலும் அதனை மீட்க முடியாது.

மூன்றாவது, கதவிலுள்ள சின்னமும் பெயரும். பழங்காலத்தில் தபால் கொண்டுசென்றவர் ஊதிய கொம்பே ஜெர்மன் தபாலின் சின்னம். கோகோமொபீல் ஓடிய நாளில் தபாலும் தந்தியும் தொலைபேசியும் ஒரே இலாகாவின் பொறுப்பில் இருந்தன. ஆதலால் கொம்போடு மின்னற் கீற்றுகளும் சேர்த்து வரையப்பட்டன. 1990-ஐ ஒட்டித் தபாலும் தொலைத்தொடர்பும் பிரிக்கப்பட்டபோது மின்னல் நீங்கிற்று. எனவே, 1960-ஆம் ஆண்டு வண்டியில் மின்னலற்ற கொம்பு காணப்பட்டால், முப்பது ஆண்டுகள் பிற்பட்ட சின்னத்தை யாரோ ஒட்டியிருக்கிறார் என்று அறியலாம். பெயரிலும் இத்தகைய பொறி ஒன்று உண்டு. மேற்கு ஜெர்மனியின் இலாகாவுக்கு 1950 முதல் 1994-ஆம் ஆண்டின் இறுதிவரை 'டாய்ச்சே புண்டஸ்போஸ்ட்' என்றே பெயர். 'டாய்ச்சே போஸ்ட்' என்பதோ அக்காலத்தில் கிழக்கு ஜெர்மனியின் தபாலுக்குரிய பெயர். 1995 முதல் தனி நிறுவனமாகிய இன்றைய தபாலுக்கும் அதுவே பெயர். மேற்கு ஜெர்மன் கோகோமொபீலின்மேல் 'டாய்ச்சே போஸ்ட்' என்று எழுதுபவர், ஒரு சொல்லை விட்டதனால் நாட்டையே மாற்றிவிடுகிறார்.

நான்காவது, பதிவெண். புண்டஸ்போஸ்ட் வண்டிகளின் எண் 'பி.பி.' என்னும் இரு எழுத்துகளுடன் தொடங்கும். கண்காட்சிக்காக அத்தகைய தகட்டைப் புதிதாகச் செய்துகொள்வோர் உண்டு. அதன் எழுத்து வடிவத்தைக் கவனியுங்கள். போலியைத் தடுக்கும் பொருட்டு ஒவ்வோர் எழுத்தையும் வேறுபடுத்தி அமைத்த இன்றைய வடிவமும், இடப்புறத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீலப் பட்டையும் 1990-களின் நடுப்பகுதியில் வழக்கத்துக்கு வந்தவை. அவை 1957-ஆம் ஆண்டு வண்டிக்குப் பொருந்தா. இங்கே ஒரு வேறுபாட்டையும் உணர வேண்டும். 'பி.பி.' எழுத்துகள் இன்று ஜெர்மனியின் கூட்டாட்சிப் போலீசுக்கு உரியவை. தனியார் ஒருவர் அத்தகட்டோடு பொதுச் சாலையில் செல்ல இயலாது. முப்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கென்று 1997-ல் ஏற்பட்ட 'எச்' எழுத்துப் பதிவெண்ணோடு ஒரு தபால் வண்டி சாலையில் வருமாயின் அது பிழையன்று. சட்டத்துக்குக் கட்டுப்படுதலே ஆகும். பிழை வேறு, கட்டாயத்தால் வந்த மாற்றம் வேறு. இரண்டையும் பிரித்தறியாமல் குறை கூறுதல் நியாயமாகாது.

ஐந்தாவது, நுண்பொருள்கள். பெரிய பகுதிகளில் எச்சரிக்கையாக இருப்பவரும் சிறியவற்றில் அயர்ந்துவிடுவார். மின்கம்பிகளைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை அமெரிக்காவில் 1958-ல்தான் உருவாக்கப்பட்டது. 1957-ஆம் ஆண்டு ஜெர்மன் வண்டியில் அதற்கு இடமில்லை. முன்விளக்கில் வெண்மையாக ஒளிரும் இரட்டை இழை ஹாலோஜன் பல்பு 1971-ல் தோன்றியது. அக்கால விளக்கின் ஒளி மங்கிய மஞ்சள் சாயலுடையது. கணினியால் வெட்டப்பட்ட ஒட்டுத்தாள் எழுத்துகள் 1980-களின் வரவு. தூரிகையால் எழுதியதில் எழுத்தின் ஓரம் சற்றே மேடுபட்டும் கோடு ஓரிடத்தில் தடித்தும் இருக்கும். ஒட்டுத்தாளிலோ எல்லா ஓரமும் கத்தி வெட்டியதுபோல் ஒரே சீராக இருக்கும். காட்சிக்காக வண்டியினுள் வைக்கும் கடிதங்களையும் பார்சல்களையும் பாருங்கள். மேற்கு ஜெர்மனியில் நான்கு இலக்கத் தபால் எண் 1961-ல் ஏற்பட்டது. ஐந்து இலக்க எண் 1993-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதியன்று வந்தது. ஐந்து இலக்கம் எழுதிய பார்சலைக் கோகோமொபீலில் ஏற்றினால், வண்டி தன் காலத்துக்கு முப்பது ஆண்டுகள் அப்பால் போய்ச் சாமான் ஏற்றி வந்ததாகிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலானதும் கண்ணுக்கு எளிதில் அகப்படாததுமான பிழை ஒன்று உண்டு. அது மிகையான அழகு. கண்ணாடி போல் மின்னும் பூச்சும், பளபளக்கும் முலாமும், தோல் தைத்த இருக்கையும் தபால் வண்டிக்கு உரியவை அல்ல. அது மக்கள் பணத்தில் வாங்கப்பட்ட வேலை வண்டி. பனியிலும் மழையிலும் ஒரு நாளில் எத்தனையோ முறை திறந்து மூடப்பட்ட கதவு அது. தபால்காரரின் காலணி தேய்த்த தடமும், சாக்குப்பை உராய்ந்த கீறலும் அதன் சரித்திரத்தின் பகுதி. அவற்றை அழித்து அரண்மனை வாகனமாக ஆக்கிவிட்டால், ஓர் உழைப்பாளியின் வாழ்க்கையை அழித்துவிட்டு அவ்விடத்தில் அலங்காரத்தை நிறுத்தியவர்களாவோம்.

அழகுபடுத்தும் ஆசை எவ்வாறு உண்மையை மறைக்கும் என்பதற்குப் பிரிட்டனிலிருந்து ஓர் உதாரணம் காட்டலாம். அந்நாட்டுத் தபால் இலாகா 1953-ஐ ஒட்டி மாரிஸ் மைனர் சாமான் வண்டிகளைப் பயன்படுத்தத் தொடங்கியது. அவை கோகோமொபீலைவிடப் பெரியவை. ஆயினும் செய்த வேலை ஒன்றே. தொடக்க காலத்து வண்டிகள் பலவற்றில், சக்கரத்தை மூடும் முன்புறச் சிறகுகள் ரப்பரால் செய்யப்பட்டிருந்தன; விளக்குகள் அவற்றின்மேல் தனித்தனியே துருத்திக்கொண்டு நின்றன. பார்வைக்கு விகாரமே. ஆனால் நெரிசலான தெருக்களில் சிறு மோதல்களால் தகடு நசுங்கிச் செலவு பெருகாமலிருக்க ரப்பர் உதவியது. விகாரமாயிருக்கிறதென்று அதனை நீக்கி இரும்புச் சிறகைப் பொருத்துபவர், சிக்கனம் கருதிய ஓர் இலாகாவின் சிந்தனையையே வண்டியிலிருந்து கழற்றி எறிகிறார். அதே நாட்டில் இன்னொரு நுட்பமும் உண்டு. எலிசபெத் அரசியார் பட்டமேற்றபின் 'இரண்டாம் எலிசபெத்' என்னும் முத்திரை தபால் பெட்டிகளில் பொறிக்கப்பட்டது. ஸ்காத்லாந்திலோ முதலாம் எலிசபெத் ஆண்டதே இல்லை என்று எதிர்ப்பு எழுந்தது. எடின்பரோ நகரில் 1953-ல் அத்தகைய பெட்டி ஒன்று வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அதன்பின் அங்கே தபால் பெட்டிகளிலும் வண்டிகளிலும் ஸ்காத்லாந்தின் கிரீடம் மாத்திரம் இடம்பெற்றது. ஆகவே, ஸ்காத்லாந்தில் ஓடியதாகச் சொல்லப்படும் வண்டியில் அரசியாரின் முத்திரையை வரைவது, ஒரு மக்கள் எழுப்பிய குரலைத் துடைப்பதாகும்.

'இத்தனை சிறு விஷயங்களால் என்ன கேடு?' என்று நேயர்கள் கேட்கலாம். கேடு உண்டு, அது பரவும் வகையும் உண்டு. தவறாகப் புதுப்பித்த வண்டி கண்காட்சியில் நிற்கிறது. அதனைப் புகைப்படம் எடுக்கின்றனர். படம் புத்தகத்தில் ஏறுகிறது. திரைப்படத்தார் அதனைப் பார்த்து வேறொரு வண்டியை அலங்கரிக்கின்றனர். அடுத்துப் புதுப்பிப்பவர் அப்புத்தகத்தையே ஆதாரமாகக் கொள்கிறார். இவ்வாறு ஒருவரின் ஊகம் மற்றவருக்குச் சான்றாகிறது. நேரில் கண்டவர்களின் தலைமுறை மறைய மறைய, மறுத்துரைப்பாரும் இல்லாமற்போகின்றனர்.

இதற்குப் பரிகாரமாக அறிஞர் வகுத்த நெறிகள் உள்ளன. பழைய கட்டிடங்களைப் பற்றி 1964-ல் எழுந்த வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நின்றுவிட வேண்டும் என்று வற்புறுத்துகிறது. புதிதாகச் சேர்த்ததைப் பழையதினின்றும் பிரித்தறியக் கூடியதாக வைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசச் சம்மேளனம் 2012-ல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், இக்கருத்தை மோட்டார் வண்டிகளுக்கும் உரியதாக்கிற்று. இயன்றவரை இருப்பதைக் காத்தல், மாற்றியதைக் குறித்து வைத்தல், புதிய பகுதிக்கு அடையாளம் இடுதல் ஆகியவை அதன் சாரம்.

இந்நெறிகளை ஆர்வலர் ஒவ்வொருவரும் கடைப்பிடிக்கலாம், பெரும்பொருள் வேண்டியதில்லை. வேலை தொடங்குமுன் வண்டியை எல்லாக் கோணங்களிலும் புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம். எந்த ஆண்டின் தோற்றத்தை மீட்கப் போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்து, பின் எல்லாவற்றையும் அந்த ஆண்டோடு ஒத்துப்பார்க்கலாம். கழற்றிய பழைய பகுதியை எறியாமல் பெட்டியில் இட்டு வைக்கலாம். பழைய பூச்சில் ஒரு சாண் இடத்தையாவது அப்படியே விட்டு வைக்கலாம். பிரேக்கும் டயரும் உயிர் காப்பவை; அவற்றைப் புதிதாக மாற்றத்தான் வேண்டும். மாற்றியதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டால் அங்கே பொய்யில்லை. பின்விளக்கின் வடிவம் தெரியவில்லையாயின், தெரியவில்லை என்று அறிவிப்புப் பலகையில் எழுதிவிடுவது, அழகிய ஊகத்தைப் பொருத்துவதினும் மேலானது.

கோகோமொபீலைச் செய்த நிறுவனத்தை 1966-ல் பி.எம்.டபிள்யூ. வாங்கிக்கொண்டது. வண்டியை வாங்கிய தபால் இலாகா 1994-ஆம் ஆண்டின் இறுதியோடு கலைந்தது. அக்காலத்தைப் பற்றிச் சொல்ல எஞ்சியிருப்பவற்றுள் இச்சிறு வண்டிகளும் சேரும். சாட்சி கூண்டில் நிற்கும்போது, அது பேசுவதைக் கேட்பதே நம் கடமை. நாம் விரும்பியதை அதன் வாயில் திணிப்பது முறையன்று. பழைய வண்டியின் முன்னே நின்று வியந்தபின், சிறிது குனிந்து அதன் கதவையும் கொம்பையும் கம்பியையும் ஒருமுறை உற்றுநோக்குவோமாக. உண்மையாக உழைத்த வண்டிக்கும் அதனை ஓட்டிய தபால்காரருக்கும் நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதுவே.